பம்பர் மாட்ட ஒரு நாள், ஸ்டெப்னிக் கை ஆடாமல் நிற்க மூன்று வாரம்

வண்டி 2008 டொயோட்டா டகோமா. பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி வைத்த பிக்கப், நாலு கதவு, நாலு சக்கர இழுவை, நான் வாங்கும்போதே ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மைல் ஓடியிருந்தது. இருப்பது அமெரிக்காவில் கொலராடோ, டென்வர் பக்கம். இங்கே மலைப்பாதைகளுக்குப் பஞ்சமில்லை. சனிக்கிழமை காலை இட்லியை டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினால் பத்து மணிக்குள் கல்லும் மண்ணுமான ஏதோ ஒரு பாதையில் நிற்கலாம். அதற்காகத்தான் இந்த வண்டி, இல்லையென்றால் ஆபீஸ் போய்வர இத்தனை பெட்ரோல் குடிக்கிற ஒன்றை யார் வைத்துக்கொள்வார்கள்.

இதன் பின் பம்பரைக் கழற்றிவிட்டு, ஸ்டெப்னியைத் தாங்கும் கை வைத்த கனமான இரும்பு பம்பர் ஒன்றை நானே மாட்டினேன். பம்பர் ஒரே நாளில் ஏறிவிட்டது. அந்தக் கையைத் தொங்காமல், ஆடாமல், சத்தம் போடாமல் நிற்க வைக்க மூன்று வாரம் ஆனது. இதை எழுதுவதே அந்த மூன்று வாரத்துக்காகத்தான்.

ஏன் மாற்றினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டகோமாவில் ஸ்டெப்னி தொட்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும். பின்னாலிருந்து ஒரு ஓட்டை வழியாக நீளமான கம்பியை விட்டுச் சுற்றினால் இறங்கும். தார் ரோட்டில் பஞ்சர் ஆனால் நல்ல ஏற்பாடுதான். போன ஆகஸ்டில் கிரேட் சாண்ட் டியூன்ஸ் பக்கம் மெடானோ பாஸ் பாதையில் போனோம். 22 மைல், ஒரே ஓடையை ஒன்பது முறை கடக்க வேண்டும், கீழ்ப்பகுதி முழுக்க ஆழமான மணல். மணலில் புதையாமல் இருக்க டயர் காற்றை 18 பவுண்டுக்கு இறக்கியிருந்தேன். இடது பின் டயரின் பக்கவாட்டு எங்கேயோ ஒரு கல்லில் கிழிந்து, வண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. பின்பக்கம் ஏற்கெனவே மணலில் இறங்கி நிற்கிறது, இப்போது டயரும் சப்பை, ஸ்டெப்னி இறங்க வேண்டிய இடம் முழுக்க மணல். பாதி இறங்கியது, வெளியே இழுக்க வழியில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு எவர்சில்வர் தட்டால் மணலை வாரி வாரிப் போட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து அந்தச் சக்கரம் வெளியே வந்தபோது சட்டைக்குள், காதுக்குள், எல்லா இடத்திலும் மணல். மனைவி வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கம்பெனி கொடுத்த டயர் 265/70 ஆர்16, அதாவது சுமார் 30.6 அங்குல உயரம். நான் போட்டிருப்பது 285/75 ஆர்16, 32.8 அங்குலம். 56 மில்லிமீட்டர் வித்தியாசம் கேட்பதற்குக் கொஞ்சம்தான், ஆனால் அடியில் அந்தக் குழிக்குள் திணிக்கும்போது ஒவ்வொரு மில்லியும் தெரியும். நுழைத்தேன், ஆனால் தொங்கியபடி நின்று மேடான கல்லெல்லாம் அதில்தான் இடித்தது.

ஸ்டெப்னி என்றால் இங்கே யாருக்கும் புரியாது என்பது வந்த புதிதில் டயர் கடையில் தெரிந்தது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேல்ஸில் லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று, 1900களின் தொடக்கத்தில் அங்கேயிருந்த டேவிஸ் சகோதரர்கள் விற்ற உபரிச் சக்கரத்துக்கு அந்தப் பெயர். சக்கரம் போய்விட்டது, பெயர் மட்டும் நம் ஊர் லாரிகளில் இன்னும் ஓடுகிறது. எனக்கு வேறு சொல் வாயில் வராது. அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் இருந்தவர். எங்கள் வீட்டில் ‘அவன் ஸ்டெப்னி மாதிரி’ என்றால் அது பாராட்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டயரைத் தொட்டிக்குள் நிறுத்திக் கட்டிவிடலாம், ஆனால் தொட்டியில் பாதி போய்விடும். டிரெய்லர் இழுக்கப் பின்னால் இருக்கும் ஹிட்ச் குழாயில் செருகுகிற கேரியர் மலிவு, ஆனால் குழாயில் இருக்கிற கொஞ்ச இடைவெளியே போதும், டயர் நாய் வாலாட்டுவது போல ஆடும். ஆகவே பம்பரோடு சேர்ந்த கைதான். பம்பரின் ஒரு மூலையில் நிற்கும் ஸ்பிண்டிலில் கை சுழலும், மறு மூலையில் பூட்டு. பின்கதவைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் இந்தக் கையை ஒதுக்க வேண்டும். கீல் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள், வலது பக்கம் என்றேன். இங்கே வண்டி ரோட்டின் வலது ஓரத்தில் நிற்கும், திறந்த கை நடு ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

ஒரு சிறிய பட்டறையில் ஆர்டர் போட்டேன், ஏழு வாரத்தில் மரச் சட்டத்தில் கட்டி லாரியில் வந்து இறங்கியது. பெயிண்ட் இல்லாத வெறும் இரும்பு. பம்பரும் கையுமாக 95 கிலோ. என் டயரும் ரிம்மும் 37 கிலோ; குளியலறையில் இருக்கும் எடை மெஷினில் டயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்று, அப்புறம் என் எடையைக் கழித்துக் கண்டுபிடித்தது.

பழைய பம்பரைக் கழற்றுவதில்தான் முதல் அடி விழுந்தது. நம்பர் பிளேட் விளக்கின் இரண்டு கனெக்டர், டிரெய்லர் பிளக்கின் கனெக்டர், பம்பரின் போல்ட்டுகள், இதெல்லாம் முக்கால் மணி நேரம். புது பம்பரிலேயே ஹிட்ச் குழாய் இருப்பதால் பழைய ஹிட்சையும் எடுக்க வேண்டும். இந்த மாநிலத்தில் பனிக்காலத்தில் ரோட்டில் மெக்னீசியம் குளோரைடு கரைசலைத் தெளிக்கிறார்கள். பனி கரையும், கூடவே நம் போல்ட்டும் கரையும். மூன்று நாள் முன்னாலிருந்தே காலையும் மாலையும் துருவிளக்கி எண்ணெய் அடித்து வைத்திருந்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் முனகிக்கொண்டே வந்தன. அந்த ஒன்று வலது பக்கம், சைலன்சர் குழாய்க்கு மேலே, பதினைந்து வருடமாக வெந்து வெந்து ஆறியது.

நீளமான பைப்பை ஸ்பேனரில் மாட்டி இழுத்தேன். முதலில் கட்டி, அப்புறம் கொஞ்சம் இளகியது, ஆகா என்று சந்தோஷப்பட்டேன். அந்த இளக்கம் தெரிகிற விதத்தை ஒரு முறை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மரை கழன்றால் கிரீச்சென்று விட்டு விட்டு வரும். இது வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு வந்தது, அப்படி வந்தால் போல்ட் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கை நிறுத்துவதற்குள் டக்கென்று தலை மட்டும் சாக்கெட்டோடு வந்துவிட்டது. மிச்சம் சேசிஸில் வெல்ட் செய்த நட்டுக்குள்.

நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, மூன்று மில்லி பிட்டில் ஆரம்பித்து, ஆறு, எட்டரை என்று பெரிதாக்கிக்கொண்டே போனேன். மல்லாந்து படுத்து, கண்ணில் துரு விழ, தலைக்கு மேலே துளை போடுகிறவன் நேராகப் போடுவான் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஓட்டை ஒரு பக்கம் சாய்ந்து, நட்டின் மரையில் பாதியைத் தின்றுவிட்டது. மரை வெட்டும் டேப் போட்டு மீட்கலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். பாதி மரையில் 95 கிலோவைத் தொங்கவிட மனம் வரவில்லை. நல்ல வேளையாக டகோமாவின் சேசிஸ் பின்பக்கத்தில் பெட்டி போல மூடியிருக்காது, ஆங்கில சி எழுத்து மாதிரி ஒரு பக்கம் திறந்திருக்கும், உள்ளே கை விடலாம். ஆகவே அந்த நட்டை கிரைண்டரால் சீவி எடுத்துவிட்டு, நீளமான 10.9 கிரேடு போல்ட், பின்னால் தடித்த வாஷர், நட்டு என்று ஊடுருவ மாட்டினேன். இப்போது பார்த்தால் மற்ற போல்ட்டுகளைவிட அதுதான் நம்பிக்கையாக இருக்கிறது.

பம்பர் எல்லாம் போன பிறகு சேசிஸின் நுனியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், இதை எல்லோரும் செய்ய வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், அரித்தது மொத்தென்று சொல்லும். இந்தத் தலைமுறை டகோமாக்களின் சேசிஸ் துருவைப் பற்றி வழக்கு நடந்து, டொயோட்டா சமரசத்துக்கு வந்து, அரித்துப்போன சேசிஸ்களை மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டது ஊரறிந்த கதை. என்னுடையது மேல்துருதான். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு மாற்றி திரவம் தடவி, கறுப்பு பெயிண்ட் அடித்தேன். உள்பக்கத்துக்கு மெழுகு போன்ற ஒரு ஸ்பிரே இருக்கிறது, நீளமான குழாய் வைத்து அடிப்பது, அதையும் அடித்தேன்.

பம்பரோடு வந்த தாளில், விருப்பமிருந்தால் கூடுதல் பலத்துக்கு சேசிஸின் அடிப்பக்கத்தில் இன்னும் இரண்டு ஓட்டை போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. அப்பாவிடம் வீடியோவில் காட்டினேன். “அடியிலயும் மேலயும் ஓட்டை போடாத கண்ணு. போட்டே ஆகணும்னா பக்கத்துச் சுவத்துல போடு. வளையறப்போ இழுபடறது மேலயும் கீழயும்தான், அங்க ஓட்டை இருந்தா அங்கிருந்துதான் கீறும்” என்றார். லாரி பாடியை சேசிஸோடு யு போல்ட் போட்டுக் கட்டுவது அதற்குத்தான் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. ஓட்டை போடவில்லை.

பெயிண்ட் பற்றிச் சுருக்கமாக. பவுடர் கோட்டிங் அழகு, ஆனால் கல் பட்டு ஒரு இடத்தில் பெயர்ந்தால் அடியில் துரு ஊர்ந்துகொண்டே போகும், வெளியே தெரியாது. ஸ்பிரே பெயிண்ட் சீக்கிரம் கீறும், கீறிய இடத்தில் அஞ்சு நிமிடத்தில் திரும்ப அடித்துக்கொள்ளலாம். பாறையில் உரசப்போகிற பம்பருக்கு எனக்கு இரண்டாவதுதான் சரி. அசிட்டோனில் துடைத்து, வெல்டிங் பொட்டுகளைச் சீவி, இரண்டு கோட் ப்ரைமர், மூன்று கோட் கறுப்பு. அக்டோபர் மாதம், மதியம் வெயில் இருந்தது. இதில் ஒரு தப்பு செய்தேன், அது அப்போது தெரியவில்லை. பின்னால் சொல்கிறேன்.

மாட்டும் நாள். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர், சும்மா பார்க்க வந்து மாலை வரை நின்றார். ஜாக்கியின் மேல் ஒரு மரக்கட்டை, அதன் மேல் பம்பர், ஒரு ஆள் ஆடாமல் பிடிக்க, ஒரு ஆள் போல்ட் விட. போல்ட்டுகளை எல்லாம் கையால் மட்டும் திருகி, தொங்கவிட்டு, பிறகுதான் சரிபார்ப்பு. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், கச்சிதம். பத்தடி பின்னால் போய்ப் பார்த்தால் கோணல். காரணம் எளிது, தொட்டியே சேசிஸின் மேல் ஒரு பக்கம் அஞ்சு மில்லி இறங்கி உட்கார்ந்திருக்கிறது, வீட்டு முன் தளமும் சாய்வு. ரசமட்டத்தை உள்ளே வைத்துவிட்டு, தொட்டியின் இரண்டு மூலையிலிருந்தும் டேப் வைத்து அளந்து, கண்ணுக்கு நேராகத் தெரியும்படி வைத்தேன். எல்லாப் போல்ட்டும் 85 அடி-பவுண்டு, குறுக்குக் குறுக்காக. சைலன்சர் வாலை ஒன்றரை அங்குலம் வெட்ட வேண்டியிருந்தது, இல்லையென்றால் பம்பரின் உள்பக்கத்தையே ஊதும்.

தொட்டிக்கும் பம்பருக்கும் நடுவில் ஆறு மில்லி இடைவெளி விட்டேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, தொழிற்சாலையிலிருந்து வந்தது போல. இதுவும் தப்பு.

அப்புறம் கை. ஸ்பிண்டில் என்பது அடிப்படையில் சின்ன டிரெய்லரின் சக்கர ஹப்தான், செங்குத்தாக நிற்க வைத்தது. மேலே ஒரு டேப்பர் பேரிங், அதாவது ரோலர்கள் சாய்ந்து நிற்கும் கூம்பு வடிவப் பேரிங், கீழே இன்னொன்று, எல்44649 என்று நம்பர், எந்த டிரெய்லர் கடையிலும் கிடைக்கும். பேரிங்கின் வெளி வளையமான கப் இரண்டையும் ஹப்புக்குள் அடித்து இறக்கி, ரோலர்கள் இருக்கும் கோன்களில் கிரீஸைத் திணித்து, ஆயில் சீல், வாஷர், பள்ளம் வெட்டிய நட்டு, ஸ்பிளிட் பின். கிரீஸை உள்ளங்கையில் வைத்து பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் தேய்த்துத் தேய்த்து, மறுபக்கம் ரோலர்களின் நடுவில் கிரீஸ் புழுப்புழுவாகப் பிதுங்கி வரும் வரை ஏற்ற வேண்டும். சின்ன வயதில் பட்டறையில் எனக்குக் கொடுத்த ஒரே வேலை அதுதான், அரை டிராயரோடு. கை இன்னும் மறக்கவில்லை.

நட்டை இறுக்கினேன், கையைச் சுழற்றினேன், திரும்ப இறுக்கினேன். டயர் ஏற்றாமல் வெண்ணெயாகச் சுழன்றது. டயரை ஏற்றி மூடினேன், மறு மூலையில் இழுத்துப் பூட்டும் டாகிள் கிளாம்ப் சரியாகக் கொக்கியில் உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கை தட்டினார்.

அடுத்த சனிக்கிழமை சோதனைக்கு செடாலியாவைத் தாண்டி ராம்பார்ட் ரேஞ்ச் ரோடு. பாறை ஏறுகிற பாதை இல்லை, சாதாரண சரளை ரோடு, ஆனால் துணி துவைக்கும் பலகை மாதிரி அலை அலையாக இருக்கும். கேரியரைக் கொல்வது பாறையைவிட இந்த அலைதான். இருபது மைல் வேகத்தில் ஒரு மணி நேரம் நடுங்கினால் வீட்டில் ஒரு வருடத்தில் தெரியாத குறையெல்லாம் தெரிந்துவிடும். நாலாவது மைலில் பின்னாலிருந்து டக் டக் டக் டக். இறங்கிப் பார்த்தால் பூட்டு மூடித்தான் இருக்கிறது, ஆனால் கையின் நுனியைப் பிடித்துத் தூக்கினால் தூக்க வருகிறது. வீட்டுக்கு வந்து அளந்தேன், கை ஆறு மில்லி தொங்கிவிட்டது. திறந்து மூடினால் கிளாம்ப் கொக்கிக்குக் கீழே போய் இடிக்கிறது.

நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். பூட்டைத் தொட்டேன். கிளாம்ப்பின் போல்ட்டைத் தளர்த்திக் கீழே இறக்கினேன், மறு வாரம் ஓட்டினேன், திரும்பத் தொங்கியது, கிளாம்ப்பின் இழுப்பைக் கூட்டினேன், அது அழுத்தி அழுத்திக் கொக்கியையே வளைத்தது. பட்டறைக்கு எழுதிக் கேட்டால், டயர் கனமாக இருக்கலாம் என்று பதில். இப்படி இரண்டு வாரம்.

மூன்றாவது வாரம் அப்பாவிடம் புலம்பினேன். போனைப் பின்பக்கம் காட்டச் சொன்னார், கையை ஆட்டச் சொன்னார், அஞ்சு விநாடி பார்த்திருப்பார். “கதவு தொங்குச்சுன்னா தாழ்ப்பாளத் தட்டாத, கீலப் பாரு” என்றார். “பேரிங் புதுசுங்கப்பா” என்றேன். “புதுசுன்னா உக்காந்துருச்சுன்னு அர்த்தமா? கழட்டு கண்ணு.”

டயரை இறக்கி, கையைக் கழற்றி, ஹப்பைக் குப்புறப் போட்டுப் பார்த்தேன். கீழ் கப்பின் அடியில் கறுப்பாக ஒரு வளையம், விரல் நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வந்தது. என் பெயிண்ட். பெயிண்ட் அடித்த அன்று ஹப்பின் உள்பக்கத்தை அடைத்து வைக்காமல் ஸ்பிரே அடித்திருக்கிறேன். கப்பை அடித்து இறக்கியபோது அது பெயிண்ட்டை வழித்துக்கொண்டு போய் அடியில் மெத்தை போல ஒதுக்கி, அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. சுத்தியல் சத்தம் மாறவேயில்லை என்பது இப்போது ஞாபகம் வருகிறது. கப் முழுதாக உட்காரும்போது டொக் டொக் என்பது டிங் என்று மாறும், அந்த டிங் எனக்குக் கேட்கவில்லை, நான் காத்திருக்கவும் இல்லை. ரோட்டின் நடுக்கத்தில் அந்த மெத்தை நசுங்கி, கப் அரை மில்லி உள்ளே போய், நான் கொடுத்த இறுக்கம் மொத்தமும் போய்விட்டது.

அரை மில்லிக்கு ஆறு மில்லி எப்படித் தொங்கும் என்று எனக்கும் சந்தேகமாக இருந்தது. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருப்பது அஞ்சு சென்டிமீட்டர்தான், கை நீளம் நூற்றிருபது. டேப்பர் பேரிங் செங்குத்தாக அரை மில்லி தளர்ந்தால் பக்கவாட்டில் ஒவ்வொரு பேரிங்கிலும் மில்லியில் எட்டில் ஒரு பங்கு ஆடும், இரண்டும் சேர்ந்து கால் மில்லி. அதை நூற்றிருபதை அஞ்சால் வகுத்து வரும் இருபத்து நாலால் பெருக்கிப் பாருங்கள், ஆறு. பட்டறை மேல் தப்பில்லை, டயர் மேலும் தப்பில்லை.

இந்த முறை ஹப்பின் உள்ளே பெயிண்ட் எல்லாம் சுரண்டி, எமரி போட்டுத் தேய்த்து, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு கப்பை ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்தேன். பட்டாணி பாக்கெட்டுக்குப் பக்கத்தில். காலையில் ஹப்பை கேஸ் டார்ச்சால் கொஞ்சம் சூடாக்கி, கப்பை உள்ளே வைத்து, வேறொரு பழைய கப்பைத் தலைகீழாக அதன் மேலே வைத்து அடித்தேன். மூன்றாவது அடியில் டிங். அதற்கப்புறம் நட்டு. சக்கர பேரிங் என்றால் இறுக்கிவிட்டு அரை சுற்றுத் தளர்த்தி விரலால் மட்டும் திருக வேண்டும், ஏனென்றால் அது வேகமாகச் சுற்றும், சூடாகும். இது ஒரு நாளைக்கு இரண்டு முறை கால் சுற்றுத் திரும்புகிற கதவு, சூடாக ஒன்றுமில்லை. ஆகவே கையைத் தள்ளினால் கொஞ்சம் கனமாக, தேன் பாட்டில் மூடி மாதிரி திரும்பும் அளவுக்கு இறுக்கமாகவே விட்டேன். மூன்று முறை சுழற்றி மூன்று முறை இறுக்கி, பிறகு ஸ்பிளிட் பின்.

அடுத்தது மறு மூலை. கையின் எடை கிளாம்ப்பில் நிற்கவே கூடாது, கிளாம்ப் இழுத்துப் பிடிக்க மட்டும்தான். எடை நிற்பதற்கு பம்பரில் ஒரு தாங்கு தட்டு கொடுத்திருந்தார்கள், கைக்கும் அதற்கும் நடுவில் மூன்று மில்லி வெளிச்சம் தெரிந்தது. அந்த இடத்துக்கு ஒரு ஆப்பு வேண்டும், கை மூடும்போது அதன் மேல் ஏறி இரண்டு மில்லி தூக்கிக்கொண்டு உட்கார வேண்டும், வழுக்கவும் வேண்டும், தேயவும் கூடாது. ஆன்லைனில் தேடினால் இதற்குத் தோதான பிளாஸ்டிக்கை அங்குல விலையில் விற்கிறார்கள். சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளைப் பலகை கிட்டத்தட்ட அதே சரக்குதான், பாலிஎத்திலீன். ஓரத்தில் மூன்று அங்குலம் அறுத்துக்கொண்டேன். நுனியைச் சரிவாகச் சீவி, தலை உள்ளே புதையும் இரண்டு போல்ட் போட்டுத் தாங்கு தட்டில் பதித்தேன். மனைவிக்கு அன்று மாலை வெண்டைக்காய் நறுக்கும்போது தெரிந்தது. மஞ்சள் கறை படிந்த அந்தத் துண்டு இன்னமும் பம்பரில்தான் இருக்கிறது, பார்க்கிறவர்கள் என்ன கலர் என்று கேட்பார்கள்.

திரும்ப ராம்பார்ட் ரேஞ்ச். அதே நாலாவது மைல். கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, காதைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டினேன். சரளை டயரில் அரைபடும் சத்தம் மட்டும்.

அந்த முறை வேறொன்று வந்தது. ஒரு இடத்தில் ஓரமாக இருந்த பள்ளத்தில் வலது முன் சக்கரத்தை இறக்கி, வலது பின் சக்கரத்தை மேட்டில் ஏற்றினேன், சேசிஸ் முறுக்கியது, பின்னால் கிரீச். திறந்திருக்கும் சேசிஸ் முறுக்கும், தொட்டி அதோடு கொஞ்சம் தனியாக ஆடும், பம்பர் சேசிஸோடு போகும். அழகாக இருக்கிறது என்று விட்ட ஆறு மில்லி இடைவெளியில் தொட்டியின் மூலை வந்து பம்பரில் உரசி, காசு அளவுக்கு பெயிண்ட் போய்விட்டது. வீட்டுக்கு வந்து போல்ட்டுகளைத் தளர்த்தி, நீள ஓட்டையில் எவ்வளவு பின்னால் போகுமோ அவ்வளவு தள்ளி, பதினைந்து மில்லி விட்டேன். இப்போது விரல் போகும். அப்போதே எல்லாப் போல்ட்டையும் திரும்ப டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன், இரண்டு போல்ட் கால் சுற்று வாங்கின. புதிதாக பெயிண்ட் அடித்த இரும்பை இரும்போடு இறுக்கினால் நடுவில் இருக்கும் பெயிண்ட் நசுங்கும், போல்ட் தளரும், முதல் நூறு மைலுக்குப் பிறகு கட்டாயம் பாருங்கள்.

எடை விஷயம் பலருக்கும் பிடிபடுவதில்லை. பழைய பம்பரும் ஹிட்சும் சேர்ந்து முப்பது கிலோ போனது, புதிது 95 வந்தது, ஆக 65 கிலோதானே ஏறியது என்று நினைப்போம். ஆனால் அது ஏறிய இடம் பின் அச்சுக்கு நாலடி பின்னால். தராசுத் தட்டு மாதிரி, முன்பக்கம் லேசாகி அந்த எடையும் பின்னால்தான் வரும். ஸ்டெப்னியும் அச்சுக்குக் கிட்டத்தில் இருந்து இன்னும் பின்னால் போயிருக்கிறது. கணக்குப் போட்டால் பின் அச்சு கூடுதலாகச் சுமப்பது கிட்டத்தட்ட 95 கிலோ, முன் அச்சில் முப்பது கிலோ குறைந்திருக்கும். பின்பக்கம் ஓர் அங்குலம் இறங்கியது. இரவில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் எனக்கு விளக்கடித்துத் திட்டினார்கள், ஹெட்லைட் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டினேன். இந்த வண்டிக்கு அந்த விஷயத்தில் பழைய கதை வேறு உண்டு, 2005 முதல் 2011 வரை வந்த டகோமாக்களை, சுமார் 6,90,000 வண்டிகள், ஸ்பிரிங் பட்டை உடையலாம் என்று 2014இல் டொயோட்டா திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. என் வண்டிக்கு அது முடிந்திருந்தது, ரசீதைப் பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் கூடுதல் பட்டையை வைத்தேன். அப்புறம் சுவருக்கு முன்னால் நிறுத்தி ஹெட்லைட்டைக் கீழே இறக்கினேன்.

நம்பர் பிளேட் டயருக்குப் பின்னால் ஒளிந்துவிடும் என்பதால் கையின் மேலேயே இடது ஓரமாகப் பொருத்தி, சின்ன எல்இடி விளக்கு வைத்தேன். இரவில் 50 அடியிலிருந்து படிக்க முடிய வேண்டும். வயரை ஸ்பிண்டில் பக்கம் ஒரு சுற்றுத் தளர்வாக விட வேண்டும், முதலில் இழுத்துக் கட்டிவிட்டு, கையைத் திறந்ததும் பிடுங்கிக்கொண்டது.

தினப்படி வாழ்க்கையில் இது தொந்தரவுதான், பொய் சொல்ல மாட்டேன். மளிகை எடுக்கப் பின்கதவைத் திறப்பதென்றால் முதலில் கிளாம்ப், அப்புறம் கை, அது திரும்பி வந்து முழங்காலில் அடிக்காமல் இருக்கச் செருகுகிற ஒரு பின், அதற்கப்புறம்தான் கதவு. சரிவில் வண்டி நின்றால் அந்தப் பின்னை மறந்தே போகக் கூடாது, 37 கிலோ டயரோடு அந்தக் கை திரும்பி வருகிற வேகம் சாதாரணம் இல்லை. மளிகையைப் பின் சீட்டில் வைக்கப் பழகிவிட்டோம். செலவு பம்பருக்கும் லாரிக் கூலிக்கும் ஸ்பிரிங்குக்குமாக 1,900 டாலர் சொச்சம், பெயிண்ட், போல்ட், பேரிங் தனி. காய் நறுக்கும் பலகை 12 டாலர், புதிது வாங்கிக் கொடுத்தேன்.

போன வாரம் அப்பாவிடம் திரும்பக் காட்டினேன். கையைத் திறந்து மூடிக் காட்டினேன், நுனியைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன், அசையவில்லை. ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். நானும் ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

“கிரீஸ் நிப்பிள் எங்க வச்சிருக்கான்?” என்றார்.

போய்ப் பார்த்தேன். ஹப்பின் உள்பக்கம், தொட்டியைப் பார்த்தபடி இருக்கிறது. கை மூடியிருந்தால் கிரீஸ் கன் நுழையாது, முழுக்கத் திறந்தால் பம்பர் மூலை மறைக்கிறது. பாதி திறந்து, ஒரு ஆள் டயரைப் பிடித்துக்கொள்ள, இன்னொரு ஆள் குனிந்து அடிக்க வேண்டும்.